தரை சூடாகவில்லையா? கொரிய வீட்டு ஓண்டோலை நாமே பார்க்கும் முறை

கொரிய வீடுகளில் தரையைச் சூடாக்கும் அமைப்புக்குத்தான் ஓண்டோல் என்று பெயர். கொரியாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் மூன்று இரவு, இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொண்டு தூங்கினேன். நான்காம் நாள் வந்த பழுது பார்ப்பவர், தண்ணீரைச் சூடாக்கும் பாய்லரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சமையலறை சிங்குக்கு அடியில் கையை விட்டார், ஒரு வால்வைத் திருப்பினார், கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு முன்னால் குடியிருந்தவர் என் அறைக்கு வெந்நீர் வரும் அந்த வால்வை மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கூலி உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

அந்தக் காலத்து ஓண்டோலில் அடுப்புப் புகை, தரைக்கு அடியிலுள்ள கல் பலகைகளின் கீழே ஓடிப் புகைபோக்கி வழியாக வெளியேறும். இப்போது கல்லும் புகையும் இல்லை. சிமென்ட் தரைக்குள் பிளாஸ்டிக் பைப் சுருள் சுருளாகப் பதிந்திருக்கிறது. அதில் வெந்நீர் சுற்றிவந்து, சூட்டைத் தரைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. ஆக, தண்ணீர் சூடாகிறதா, ஓடுகிறதா, உங்கள் அறைக்கு வருகிறதா என்ற மூன்றைத்தான் வரிசையாகப் பார்க்கப்போகிறோம்.

முதலில் உங்கள் வீடு எந்த வகை?

பால்கனியிலோ, துணி துவைக்கும் இடத்திலோ சுவரில் ஒரு பெட்டி தொங்குகிறதா? அதிலிருந்து ஒரு உலோகக் குழாய் வெளிச்சுவரைத் துளைத்துப் போகிறதா? அப்படியென்றால் உங்களுக்கே உங்களுக்கான எரிவாயு பாய்லர். பெட்டியே இல்லையென்றால் பெரும்பாலும் குடியிருப்பு முழுவதற்குமோ, ஊரின் ஒரு பகுதிக்கோ பொதுவாக வெந்நீர் வருகிறது. அப்படிப்பட்ட வீட்டில் 1, 3 ஆகிய படிகளை மட்டும் பாருங்கள். அதற்கு மேல் நிர்வாக அலுவலகத்தின் வேலை. கொரியர்கள் அதை 'குவால்லிசாமுசோ' என்பார்கள். பொது அமைப்பில் ஓடும் தண்ணீரை நாமாகத் திறந்து வெளியேற்றக் கூடாது.

பாய்லர் இருக்கிறவர்கள் அந்த உலோகக் குழாயை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். இணைப்பு கழன்றிருந்தாலோ, கரி படிந்திருந்தாலோ உடனே பாய்லரை அணைத்து, சன்னலைத் திறந்துவிட்டு, ஆளைக் கூப்பிடுங்கள். 2018 டிசம்பரில் காங்னுங் நகரத் தங்கும் விடுதி ஒன்றில் பத்து மாணவர்கள் தங்கியிருந்தார்கள். பாய்லர் குழாய் விலகியிருந்ததால் அறைக்குள் கார்பன் மோனாக்சைடு பரவி, அவர்களில் மூன்று பேர் இறந்துபோனார்கள். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. அதைக் கண்டறியும் அலாரம் இல்லாத வீடென்றால் ஒன்று வாங்கி மாட்டுங்கள். சமையல் வாயு வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே போய், தீயணைப்புத் துறையின் அவசர எண்ணான 119-ஐ அழையுங்கள்.

படி 1: சுவரிலுள்ள கன்ட்ரோலர்

பொத்தான்களை ஃபோன் கேமராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள். 'வேசுல்' என்பது வெளியே போகும்போது போடுவது. பைப் உறையாமல் காக்கும், அவ்வளவுதான். சிக்கனம் என்று நினைத்து அதைப் போட்டுவிட்டு நடுங்குகிறவர்கள் நிறையப் பேர். 'ஒன்சு ஜொன்யோங்' என்றால் குழாய்க்கு மட்டும் வெந்நீர். கோடையில் போட்டது அப்படியே நின்றுவிட்டிருக்கலாம்.

'சில்லே' முறை அறைக் காற்றின் சூட்டைப் பார்த்து வேலை செய்யும். கன்ட்ரோலர் அடுப்புக்குப் பக்கத்திலோ வெயில் படும் சுவரிலோ இருந்தால், வீடு சூடாகிவிட்டது என்று அது ஏமாந்துபோய் பாய்லரை நிறுத்திவிடும். அப்போது 'ஓண்டோல்' முறைக்கு மாற்றுங்கள். அதில் 55, 60 என்று எண் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது பைப்பில் ஓடும் தண்ணீரின் சூடு.

மாற்றியதும் தரையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்காதீர்கள். இது தோசைக்கல் இல்லை. ஆறிப்போன சிமென்ட் தரை சூடேற இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகும். யாராவது குளித்துக்கொண்டிருந்தால் இன்னும் தாமதம்: குழாயில் வெந்நீர் திறந்திருக்கும்வரை பாய்லர் தரையைக் கவனிக்காது.

படி 2: பாய்லர்

வெந்நீர்க் குழாயைத் திறங்கள். சூடாக வந்தால் வாயுவும் நெருப்பும் சரி, கோளாறு பெரும்பாலும் தரைப் பக்கம்தான். வராவிட்டால் பிளக், வாயு வால்வு இரண்டையும் பாருங்கள். வால்வுக் கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. சமையல் அடுப்பும் எரியாவிட்டால் வீட்டுக்கு வாயுவே வரவில்லை.

திரையில் ஏதாவது எண் மினுக்கினால் படம் எடுத்துவிட்டு, ஒரே ஒரு தடவை அணைத்துப் போடுங்கள். அதே எண் திரும்ப வந்தால் அதற்குமேல் விளையாட வேண்டாம். தண்ணீர் குறைவு என்ற எச்சரிக்கை அடிக்கடி வந்தால் பைப் எங்கேயாவது ஒழுகிக்கொண்டிருக்கலாம். கீழ்வீட்டுக் கூரை நனைவதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

கடுங்குளிரில் நின்றுபோன பாய்லர் என்றால், அடியிலிருந்து கழிவுநீர் வடியும் சிறு குழாய் உறைந்திருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சுற்றி இளக்குங்கள். கொதிநீர் ஊற்றினால் வெடித்துவிடும். ஊருக்குப் போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போகாதீர்கள். உறையாமல் காக்கும் வேலைக்கும் மின்சாரம் வேண்டும்.

படி 3: சிங்குக்கு அடியில் நாடி பிடித்தல்

எல்லாவற்றையும்விட முக்கியமான படி இதுதான். சிங்குக்குக் கீழே கதவைத் திறந்தால் (சில வீடுகளில் ஒரு பலகையையும் கழற்ற வேண்டும்) இரண்டு தடித்த குழாய்களும், அவற்றிலிருந்து கிளை பிரியும் பைப்புகளும் தெரியும். கொரிய மொழியில் 'புன்பேகி'. ஒன்றிலிருந்து வெந்நீர் அறைகளுக்குப் போகிறது, மற்றதில் திரும்பி வருகிறது. ஒவ்வொரு கிளையிலும் வால்வு.

ஒரு மணி நேரமாவது பாய்லரை ஓடவிட்டு, கிளைகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். போகிறது சூடு, வருகிறது வெதுவெதுப்பு என்றால் அமைப்பு நன்றாக இருக்கிறது. குளிர் சன்னல் இடுக்கு வழியாக வரலாம். போகிற பக்கமே சில்லென்றிருந்தால் திரும்பவும் பாய்லரிடம் போங்கள். போகிறது சூடாகி, வருகிறவை எல்லாமே குளிர்ந்திருந்தால் பம்ப், ஃபில்டர், பெரிய வால்வு இவற்றில் ஒன்று. இதில் வால்வு மட்டும்தான் நம் வேலை.

ஒரே ஒரு கிளை மட்டும் குளிர்ந்திருந்தால் அந்த அறையின் வால்வு மூடியிருக்கிறது, அல்லது உள்ளே காற்று நிற்கிறது. வால்வைக் கையால் திருப்புங்கள். துருப்பிடித்து இறுகியிருந்தால் சுத்தியலைத் தேடாதீர்கள். வால்வின் தலையில் சிறு மோட்டார் இருந்தால் அது பழுதாகியிருக்கலாம், மாற்ற ஆள் வேண்டும். தூரத்து அறை மட்டும் மந்தமாக இருந்தால் பக்கத்து அறைகளின் வால்வைப் பாதி மூடிப் பாருங்கள். புழங்காத அறையானாலும் முழுக்க மூட வேண்டாம், பைப் உறைந்துவிடலாம்.

படி 4: காற்றை வெளியேற்றுதல்

தனி பாய்லர் உள்ள வீட்டுக்கு மட்டும். சூடாக்குவதை நிறுத்தி, தண்ணீர் ஆறும்வரை காத்திருங்கள். தண்ணீர் திரும்பும் தடித்த குழாயின் முனையிலுள்ள சிறு குழாயில் ஹோஸைச் சொருகி, மறுமுனையை வாளியில் போடுங்கள். பாய்லருக்குத் திரும்பும் பெரிய வால்வையும், ஒன்றைத் தவிர மற்ற அறைகளின் வால்வுகளையும் மூடுங்கள். இனிச் சிறு குழாயை மெதுவாகத் திறக்கலாம். முதலில் புஸ் புஸ்ஸென்று துப்பும், கறுப்பாகத் துருத் தண்ணீர் வரும். சத்தம் அடங்கி, தெளிந்த நீர் சீராக வந்ததும் அந்த அறையை மூடி அடுத்த அறையைத் திறங்கள். குறையும் தண்ணீரைப் பெரும்பாலான பாய்லர்கள் தாமே நிரப்பிக்கொள்ளும். பழைய மாடல் என்றால் அழுத்தமானியைப் பார்த்துக் கையால் நிரப்ப வேண்டும்.

முடிந்ததும் சிறு குழாயை மூடி, மூடிய எல்லா வால்வுகளையும் திறங்கள். அந்தப் பெரிய வால்வை மறந்துவிட்டு, காற்றுப் போகவில்லை என்று அரைநாள் புலம்பியவன் நான்.

படி 5: யாரிடம் சொல்வது

கொரியக் குடிமைச் சட்டம் 623-ஆம் பிரிவின்படி, வாடகைக் காலம் முழுக்க வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. பாய்லர் வயதாகிப் பழுதானால் செலவு அவருடையது. நம் அலட்சியத்தால் உறைந்து வெடித்தால் நம் தலையில் விழலாம். அதனால் ஆளைக் கூப்பிடுவதற்கு முன்பே படங்களோடு அவருக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள். 'பொயில்லோகா அன் த்வேயோ' என்றால் பாய்லர் வேலை செய்யவில்லை. 'பாங்பாதாகி சாகாவொயோ' என்றால் தரை சில்லென்றிருக்கிறது. மொழி தடுமாறினால் வெளிநாட்டவருக்கான 1345 எண்ணில் பல மொழிகளில் உதவி கிடைக்கும்.

ஆள் வரும்வரை மின்கம்பளம் போட்டுப் படுப்பவர்கள் அதை மடிக்காமல் விரித்து, குறைந்த சூட்டில் வையுங்கள். மேலே தடித்த நுரை மெத்தையைப் போட வேண்டாம், சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கிக் கருகிவிடும்.