ஃபிராக்டல் கணிதத்திலிருந்து மெட்டமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபிராக்டல் என்பது, சிறு பகுதியும் முழுமையையே ஒத்திருக்கும் ‘தன்னொப்புமை’ உடைய அமைப்பு. இதற்கான ஒரு சமன்பாட்டைக் கணினியிடம் கொடுத்து, அது தரும் எண்களைச் சுரங்களாக மாற்றி மெட்டமைப்பது இன்று எளிது. ஃபிராக்ட்மியூஸ், மியூசிநம் போன்ற மென்பொருள்கள் இதற்கென்றே எழுதப்பட்டவை. சூப்பர்கொலைடர் அல்லது பைத்தான் நிரல்மொழியில் சில வரிகளில் இதைச் செய்து முடிக்கலாம். அப்படியிருந்தும் பிறக்கும் மெட்டுகளில் பல, தாயக்கட்டையை உருட்டிச் சுரம் பொறுக்கியவை போலவே ஒலிக்கின்றன. குறை பெரும்பாலும் கணிதத்தில் இல்லை. எண்ணைச் சுரமாக்கும் விதியில் இருக்கிறது. இசையமைப்பவரின் உண்மையான வேலை அந்த விதியை வகுப்பதுதான் என்பது என் உறுதியான கருத்து.

கணிக்க இயலாத எண்தொடர் எல்லாம் ஃபிராக்டல் என்று எடுத்துக்கொள்வதே அடிப்படைத் தவறு. எளிமை கருதிப் பலர் நாடும் லாஜிஸ்டிக் சமன்பாட்டைப் பாருங்கள். 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணை எடுத்து, 1-இலிருந்து அதைக் கழித்து வரும் விடையால் பெருக்கி, மேலும் ஒரு பெருக்கெண்ணால் பெருக்கினால் அடுத்த எண் கிடைக்கும். பெருக்கெண் 4 ஆக இருக்கும்போது இத்தொடர் முழுமையான கேயாஸ் (விதி இருந்தும் கணிக்க இயலாத) நிலையில் இருக்கிறது. ஆனால் அதன் நிறமாலை தட்டையானது, அதாவது இப்போது ஒலிக்கும் சுரத்தின் ஏற்ற இறக்கத்துக்கும் அடுத்தடுத்து வரும் சுரங்களின் ஏற்ற இறக்கத்துக்கும் நேர்கோட்டுத் தொடர்பு ஏதும் இல்லை. காதுக்கு அது ஏறத்தாழ வெறும் இரைச்சல்தான். எண்கள் சீராகப் பரவுவதும் இல்லை: 0 முதல் 1 வரை உள்ள இடைவெளியைப் பத்துச் சம கூறுகளாக்கிப் பத்துச் சுரங்களுக்குக் கொடுத்தால், கீழ்க்கோடிச் சுரமும் மேல்கோடிச் சுரமும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 சதவீத இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன, நடுச்சுரங்கள் பட்டினி கிடக்கின்றன. தொடக்க எண்ணாக 0.5 கொடுத்தால் அடுத்து 1 வரும், பிறகு என்றென்றும் 0 தான். 0.75 கொடுத்தால் மெட்டு அதே இடத்தில் நின்றுவிடும். பெருக்கெண்ணை 3.828 என்று வைத்தால் நிலைமை வேறு. மூன்று சுரங்கள் கொண்ட ஒரு துணுக்கு பலமுறை திரும்பி வந்து, சிறிது சிறிதாக உருமாறி, சட்டென உடைந்து, மீண்டும் கூடுகிறது. காதுக்குப் பிடிப்பைத் தருவது ஒழுங்குக்கும் கேயாஸுக்கும் இடைப்பட்ட இத்தகைய எல்லைப்பகுதிதான்.

உண்மையான ஃபிராக்டல் தன்மையைக் கேட்க விரும்புபவர்கள் ரிச்சர்ட் வாஸ், ஜான் கிளார்க் ஆகிய இயற்பியலாளர்களிடம் தொடங்க வேண்டும். இசையின் உரப்பும் சுருதியும் மாறும் விதம், ஏற்ற இறக்கத்தின் ஆற்றல் அதிர்வெண்ணுக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும் ‘பிங்க் இரைச்சல்’ வகையைச் சார்ந்தது என்று 1975-இல் அவர்கள் எழுதினர். வாஸ் வகுத்த முறைக்கு மூன்று தாயக்கட்டைகள் போதும். 0 முதல் 7 வரையிலான எண்களை, 0, 1 மட்டுமே கொண்ட மூவிலக்க இரும எண்களாக எழுதி, ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு கட்டையை ஒதுக்குங்கள். ஓர் எண்ணிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது எந்த இலக்கங்கள் மாறுகின்றனவோ அந்தக் கட்டைகளை மட்டும் உருட்டி, மூன்றின் கூட்டுத்தொகையைச் சுரமாக்குங்கள். கூட்டுத்தொகை 3 முதல் 18 வரை வருமாதலால் பதினாறு சுரங்கள் கிடைக்கின்றன. ஒரு கட்டை அடிக்கடி மாறுகிறது, இன்னொன்று அரிதாக மாறுகிறது. அதனால் சிறு அசைவும் நெடிய போக்கும் ஒரே மெட்டில் அமைகின்றன.

புள்ளிதோறும் ஒரு சமன்பாட்டைத் திரும்பத் திரும்பக் கணித்து, விடை எல்லை கடக்க எடுக்கும் படிகளின் எண்ணிக்கையால் வரையப்படும் மேண்டல்பிராட் கணத்தின் படத்தை இடமிருந்து வலமாக வருடி ஒலியாக்குவதும் பரவலான தவறு. படத்தின் அழகு இரு பரிமாணங்களில் விரிவது. ஒரு கோட்டில் வருடும்போது கணத்தின் உட்பகுதியில் உள்ள புள்ளிகள் எல்லாம் ஒரே உச்ச எண்ணையும், தொலைவில் உள்ளவை எல்லாம் சிறிய எண்களையும் தருவதால், நீண்ட ஒற்றைச் சுரமும் இடையிடையே தாறுமாறான தாவலும்தான் மிஞ்சும். கண்ணுக்குத் தெரியும் தன்னொப்புமை காலத்தில் தானாக விரியாது.

கணினியும் இசைக்கருவிகளும் சுரங்களை எண்களாகப் பரிமாறும் முறையான மிடியில் எல்லை 0 முதல் 127 வரை. எண் அந்த எல்லையைத் தாண்டும்போது 128-ஆல் வகுத்து மீதியை எடுப்பது வழக்கம். படிப்படியாக ஏறிக்கொண்டிருந்த மெட்டு அப்போது உச்சியிலிருந்து அடிக்கு விழுந்து, அதன் போக்கே குலைகிறது. எல்லையைத் தொட்டதும் திரும்பி இறங்குமாறு விதியை அமையுங்கள். வீச்சையும் இரண்டு ஸ்தாயிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றும் தவறு, முதல் சோதனையையே ஐந்து சுர அடுக்கில் செய்து பார்ப்பது. மோகனத்தின் ஐந்து சுரங்களில் எந்த எண்தொடரைக் கொட்டினாலும் இனிமையாகத்தான் கேட்கும். அந்த இனிமை அடுக்கின் கொடை, கணிதத்தின் கொடை அன்று. ஆகவே நீங்கள் வகுத்த விதிக்குள் வெறும் சமவாய்ப்பு எண்களைச் செலுத்தி ஒரு மெட்டும், ஃபிராக்டல் எண்களைச் செலுத்தி இன்னொரு மெட்டும் எடுத்து, எது எது என்று தெரியாமல் வேறொருவரைக் கேட்கச் செய்யுங்கள். அவரால் பிரித்தறிய இயலாவிட்டால், உங்கள் விதி ஃபிராக்டலை வடிகட்டி எறிந்துவிட்டது என்று பொருள். இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த மெட்டையும் பிறருக்கு அனுப்ப வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

சுருதியை மட்டும் கணிதத்திடம் விட்டுவிட்டு, எல்லாச் சுரங்களுக்கும் ஒரே கால அளவைக் கொடுப்பவர்களும் இழப்பது அதிகம். கால அளவிலும் தன்னொப்புமையைக் கேட்கச் செய்யலாம். டென்மார்க் இசையமைப்பாளர் பேர் நோர்கோர் 1959-இல் கண்டறிந்த முடிவிலித் தொடர் (எண்கள், தொடக்கச் சுரத்திலிருந்து ஏறும் அல்லது இறங்கும் படிகள்) 0, 1, −1, 2, 1, 0, −2, 3, −1, 2, 0, 1, 2, −1, −3, 4 என்று செல்கிறது. இதில் நான்குக்கு ஒன்றாகச் சுரங்களைப் பொறுக்கினால் 0, 1, −1, 2 என்று அதே தொடர் மீண்டும் வருகிறது. ஒரு குரல் முழுத்தொடரை விரைவாகவும், இன்னொரு குரல் அதையே நான்கு மடங்கு மெதுவாகவும் பாடினால் நான்காவது சுரந்தோறும் இரண்டும் ஒன்று சேர்கின்றன; அங்கே தன்னொப்புமையைக் காதே கண்டுகொள்கிறது. 0, 1, 2, 3 என்று வரும் எண்களின் இரும இலக்கங்களைக் கூட்டும் முறையிலும் இதே பண்பு உண்டு: 0, 1, 1, 2, 1, 2, 2, 3 என்னும் தொடரை இரண்டு இரண்டாகத் தாவி எண்ணினாலும் அதுவே வரும். வேறு மெட்டு வேண்டி 2, 4, 8 என்று தாவுபவர்கள் பழைய மெட்டையே திரும்பப் பெறுவது இதனால்தான்.

ஒவ்வொரு குறியையும் வேறு குறிகளாக மாற்றிக்கொண்டே போகும் லிண்டன்மாயர் விதிகளைப் பயன்படுத்துவோர் தலைமுறைகளின் (மாற்றும் சுற்றுகளின்) எண்ணிக்கையில் கவனமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு துண்டையும் நான்காக்கும் கோக் வளைவில் ஆறாம் தலைமுறையில் 4,096 துண்டுகள் இருக்கும். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில், தட்டுக்கு ஒரு துண்டாக வாசித்தால் 34 நிமிடம் ஆகும்.

நம் இராகங்களை மென்பொருளின் சுர அடுக்கில் பொருத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. கேதாரகௌளையின் ஆரோகணத்தில் காந்தாரமும் தைவதமும் இல்லை, அவரோகணத்தில் ஏழு சுரங்களும் உண்டு. ஏறும் திசைக்கு ஒன்றும் இறங்கும் திசைக்கு ஒன்றுமாக இரண்டு அட்டவணைகள் வைக்காவிட்டால், ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு ஏறும் இடத்திலேயே இராகம் கெட்டுவிடும். அவ்வாறு வைத்தாலும் கமகம் இல்லாத அந்த ஒலியை இராகத்தின் சுர அடுக்கு என்று மட்டுமே சொல்ல முடியும்.

கடைசியாக, பிடித்த மெட்டை அன்றே மிடி கோப்பாகச் சேமித்துவிடுங்கள். பெருக்கெண் 4 உள்ள தொடரில் மிகச்சிறு பிழையும் ஒவ்வொரு படியிலும் சராசரியாக இரட்டிப்பாகிறது. கணினியின் எண்கள் வழக்கமாக 53 இரும இலக்கத் துல்லியம் உடையவை. ஆகவே அதே சமன்பாட்டைப் பெருக்கும் வரிசையை மட்டும் மாற்றி எழுதிய வேறொரு மென்பொருளில், ஏறத்தாழ ஐம்பது சுரங்களுக்குப் பிறகு முற்றிலும் வேறொரு மெட்டு ஒலிக்கும்.