தோமானை ஏரியில் விட்டுவிட்டு, அதன் நகலைச் சுவரில் மாட்டுவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்து, சென்டரோ ஏரிக்குத் தூண்டிலோடு போகிறவர்களுக்கு இந்த ஆசை தெரியும்: பெரிய தோமான் (விரால் இனத்துப் பெரிய மீன்) சிக்கினால் அது வீட்டுச் சுவரில் இருக்க வேண்டும். ஆனால் தோமான், தாயும் தகப்பனும் சேர்ந்து குஞ்சு காக்கிற மீன். பெரியதைத் தூக்கிவந்துவிட்டால் சிவந்த குஞ்சுக் கூட்டம் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அதனால் எனக்குச் சிக்கிய 84 செ.மீ. தோமானை அளந்து, படமெடுத்து, தண்ணீரில் விட்டேன். கூடத்தில் இருப்பது நானே செய்த நகல்.

கரையில் மீனை ஈரச் சாக்கில் கிடத்துங்கள். தையல் நாடாவால் வாய் நுனி முதல் வால் நுனி வரை நீளம், உடல் தடித்த இடத்தில் சுற்றளவு (என்னுடையது 41 செ.மீ.). இரு பக்கமும், தலையும், விரித்த துடுப்பும் படத்தில் வர வேண்டும். செத்தால் நிறம் மங்கிவிடும். உயிரோடு, ஈரத்தோடு எடுத்த படம்தான் பிறகு சாயத்துக்கு வழிகாட்டி.

படத்தை அசல் அளவுக்கு அச்சடித்து, பாலிஸ்டிரீன் (வெள்ளை நுரை) கட்டியில் ஒட்டி, வெளிக்கோட்டை வெட்டுங்கள். அப்புறம் உருட்டிச் செதுக்குங்கள். மூக்குக்கவசம் கட்டாயம்.

இனி நான் தடுக்கி விழுந்த இடம். செதுக்கிய உருவத்தின் மேல், கடையில் மலிவாகக் கிடைத்த பாலியெஸ்டர் ரெசினை (பூசினால் இறுகி ஓடாகும் பிசின்) பூசினேன். கொஞ்ச நேரத்தில் தலைப்பக்கம் குழிந்து உருகிவிட்டது. இரண்டு வார உழைப்பு போச்சு. அந்த ரெசினிலுள்ள ஸ்டைரீன் என்ற திரவம் பாலிஸ்டிரீனைக் கரைக்கும். டப்பா ஸ்ப்ரே சாயமும் அப்படித்தான். எபோக்சி ரெசின் கரைக்காது. விலை கூடினாலும் எபோக்சியே வாங்குங்கள். மெல்லிய கண்ணாடி இழைத்துணியை வைத்து, கையுறையோடு பூசுங்கள்.

இன்னொன்று: பூச்சு 2 மி.மீ. தடித்தாலே சுற்றளவு ஒன்றேகால் செ.மீ. கூடும். அதனால் 41 செ.மீ. மீனுக்கு 39.75 செ.மீ. காகிதப் பட்டை வெட்டி, அதைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே செதுக்குங்கள். இதை விட்டால் உங்கள் மீன் வேறு மீனாகிவிடும்.

துடுப்புக்கு ஐஸ்கிரீம் டப்பா மூடி போதும். கண்ணுக்குக் கண்ணாடிக் கண் வாங்கி ஒட்டுங்கள். மணல்தாளால் தேய்த்த பிறகு அக்ரிலிக் சாயம்: முதலில் வெள்ளை வயிறு, பிறகு கருநீல முதுகு, பக்கவாட்டில் கறுப்புப் பட்டை. ஏர்பிரஷ் வேண்டாம் என்பேன். தோமானின் திட்டுத்திட்டான நிறம் ஸ்பாஞ்சில் ஒற்றினால்தான் சரியாக வருகிறது. கடைசியாகப் பளபளப்பு வார்னிஷ்.

பின்சேர்க்கை: எபோக்சி இறுகியும் மேலே பிசுபிசுக்கிறது, சாயம் உரிகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மழைக்கால ஈரப்பதத்தில் படியும் மெழுகுபோன்ற படலம் அது. தேய்த்தால் போகாது, பரவும். முதலில் வெதுவெதுப்பான சோப்புநீரில் கழுவி, உலர்த்தி, அப்புறம் மணல்தாள் போடுங்கள்.