மினி டிராக்டரில் கியர் விழவில்லையா? கிளட்சை முதலில் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஓடுகிற மினி டிராக்டர்கள் என் பட்டறைக்கு வரும்போது, "கியர் பாக்ஸ் போச்சுங்க" என்றுதான் சொல்லிக்கொண்டு வருவார்கள். கியர் பாக்ஸ் அவ்வளவு லேசில் போகாது. கர்ரென்று கத்தி, கியர் விழ மறுத்தால் பெரும்பாலும் கிளட்ச், இன்ஜினைக் கியர் பாக்ஸிலிருந்து முழுசாகப் பிரித்துவிடவில்லை என்று அர்த்தம். வண்டியை இரண்டாகப் பிரிக்க யாராவது கூலி பேசினால் கொஞ்சம் பொறுங்கள்.

ரோட்டவேட்டருக்கு இன்ஜின் விசையைக் கொடுக்கிற பி.டி.ஓ. லிவரை நியூட்ரலில் போட்டுப் பாருங்கள். ஒற்றைக் கிளட்ச் வண்டிகளில் ரோட்டவேட்டர் கியர் பாக்ஸோடு சேர்ந்து சுற்றும். கிளட்சை மிதித்த பிறகும் அந்தக் கனம் உள்ளே பல்லைச் சுழற்றிக்கொண்டேயிருக்கும். சில சமயம் வண்டியையே முன்னால் தள்ளும். கிணற்றோரம் திருப்புகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். ரோட்டவேட்டர் சுற்றுவது நின்றதும் கியர் சுகமாக விழுந்தால் வண்டியில் கோளாறே இல்லை. ரோட்டவேட்டரின் சுழற்சி திரும்பி வண்டியைத் தள்ளாமல் தடுக்கிற ஓவர்ரன்னிங் கப்ளர் ஒன்று மாட்டினால் இந்தத் தொல்லை தீரும்.

ரோட்டவேட்டர் இல்லாமலும் கத்துகிறதா? ஐடிலில் கிளட்சை மிதித்து, ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கத்தினால் இன்ஜினை நிறுத்திவிட்டு, பெடலைக் கையால் அமுக்கிப் பாருங்கள். கனம் தட்டுகிற வரை உள்ள இடைவெளிதான் பிரீ பிளே. பல மினி வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர்; உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். அதிகமாக இருந்தால் லாக் நட்டைத் தளர்த்தி, பெடலிலிருந்து கிளட்சுக்குப் போகிற ராடைச் சரிசெய்யுங்கள். சரிசெய்தும் நிற்கவில்லையா, ராட் முனையில் உள்ள பின்னைக் கழற்றிப் பாருங்கள். துளை முட்டை வடிவில் தேய்ந்திருக்கும், பின்னில் பள்ளம் விழுந்திருக்கும். செலவு கம்மி, ஆனால் யாரும் பார்க்காத இடம்.

ஆனி, ஆடி மழையில் நிறுத்திப் போட்ட வண்டி என்றால், கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, முன்னால் ஆளில்லாத வெட்டவெளியில் கிளட்சை மிதித்தபடியே ஓட்டி, பிரேக்கை அழுத்தினால் பெரும்பாலும் விட்டுவிடும். அடுத்த மழைக்குப் பெடலை அமுக்கி ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள்.

இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி இழுக்கவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் அது ஸ்லிப், அதாவது கிளட்ச் பிடிக்காமல் வழுக்குகிறது. பிரீ பிளே சுத்தமாக இல்லாமல் போனாலும் இப்படித்தான். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துளை இருந்தால் விரலை வைத்துப் பாருங்கள். கறுப்பு ஆயில் என்றால் இன்ஜின் பக்கத்து சீல் போய்விட்டது. வெளுப்பாக இருந்தால் கியர் பாக்ஸ் பக்கத்து சீல். இதற்கு வண்டியைப் பிரித்தே ஆகவேண்டும். பிரித்த கையோடு, பெடலை மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளி விடுவிக்கிற ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள், அப்புறம் அதற்காக இன்னொரு கூலி வேண்டாம்.

போட்ட கியர் ஓட்டத்தில் தானாகக் கழன்றால் மட்டும் கியர் பாக்ஸைச் சந்தேகப்படலாம். அதிலும் மேல் மூடியைத் திறந்து லிவருக்கு அடியில் கியரைப் பிடித்து வைக்கிற ஸ்பிரிங்கையும் குண்டையும் பார்த்த பிறகு.