பனி தள்ளும் பிளேடில் கட்டிங் எட்ஜ் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிராக்டரில் மாட்டும் பனி தள்ளும் பிளேடு, லோடர் பக்கெட், பனியை வாரி வீசும் ஸ்னோ புளோயர் என எதை எடுத்தாலும், தரையை உரசும் இடத்தில் பெரும்பாலும் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு பட்டை இருக்கும். அதுதான் கட்டிங் எட்ஜ். தேய்வதற்கென்றே வைத்த பாகம் அது. அது தேய்ந்து கொடுப்பதால்தான் பின்னாலிருக்கும் பிளேடு பிழைக்கிறது. அதனால், இருப்பதிலேயே அதிகம் செலவு வைக்கும் தவறு, "இந்த சீசன் ஓடட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதுதான்.

பட்டை தேய்ந்து போல்ட் வரிசையை எட்டிவிட்டால், அடுத்து தரையில் உரசுவது போல்ட்டின் தலை. தலை தேய்ந்துவிட்டால் பட்டையைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அதற்கு மேலும் ஓட்டினால் பிளேடின் அடிவிளிம்பே கரையத் தொடங்கும். பட்டை மாற்றுவது சில மணி நேர வேலை. கரைந்த அடிவிளிம்பை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, துளைகளை மறுபடி நேராக்குவது பட்டறை வேலை, அதுவும் பனிக்காலத்தின் நடுவில். இதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. பல எட்ஜ்களைத் தலைகீழாகத் திருப்பி மாட்டி மறுவிளிம்பையும் பயன்படுத்தலாம். துளை வரை தேயவிட்டவர் அந்தப் பாதி ஆயுளை வீணாக்கிவிடுகிறார். போல்ட் தலைக்குக் கீழே ஒரு விரற்கடை இரும்பு மிச்சம் இருக்கும்போதே கழற்றிவிடுவது நல்லது. நடுவில் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். மூலைகள்தான் பெரும்பாலும் முதலில் போகும். எந்த இடத்தில் குறைவாக இருக்கிறதோ அதுதான் கணக்கு.

ஒரு முனை மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், புதுப் பட்டையை மாட்டுவதற்கு முன் காரணத்தைப் பாருங்கள். சறுக்குக் காலணிகள் (பிளேடைத் தரையிலிருந்து குறிப்பிட்ட உயரத்தில் தாங்கிச் சறுக்கும் பாதங்கள்) இரு பக்கமும் ஒரே உயரத்தில் இல்லையா, ஒரு டயரில் காற்று குறைவா, பிளேடை எப்போதும் ஒரே பக்கம் சாய்த்தே ஓட்டுகிறீர்களா? இதைச் சரிசெய்யாமல் மாட்டினால் புதுசும் அதே மூலையில்தான் தேயும்.

கழற்றும் வேலையில் ஒரே ஒரு விஷயத்தில் சமரசமே கூடாது. ஹைட்ராலிக்கில் தூக்கி நிறுத்திய பிளேடுக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது. ஹோஸ் வெடித்தாலும், யாராவது தெரியாமல் லீவரைத் தட்டினாலும் பிளேடு இறங்கிவிடும். கனமான மரக்கட்டைகளோ ஸ்டாண்டோ வைத்து, அதன்மேல் பிளேடை உட்கார வைத்து, எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். புளோயர் என்றால் பிடிஓவையும் (டிராக்டர் எஞ்சினிலிருந்து கருவிக்குச் சுழற்சி தரும் இணைப்பு) துண்டித்து, சுழலும் பாகம் முழுக்க நின்றுவிட்டதா என்று பார்த்த பிறகே கிட்டே போங்கள். பட்டையின் எடையையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். 8 அடி நீளம், 6 இன்ச் அகலம், அரை இன்ச் தடிமன் உள்ள ஸ்டீல் பட்டை சுமார் 37 கிலோ. கடைசி போல்ட் கழன்றதும் அது நேராகக் கால்மேல் விழும். அடியில் கட்டை கொடுத்துவிட்டு, இரண்டு ஓர போல்ட்களையும் கடைசியில் கழற்றுங்கள்.

அடுத்தது போல்ட். பழைய போல்ட்டையே மறுபடி போடுவது வீண் சிக்கனம். துருப்பிடித்து, இழுபட்டு, தலை பாதி தேய்ந்த போல்ட் புதுப் பட்டையை எப்படித் தாங்கும்? கைக்குக் கிடைத்த சாதா போல்ட்டும் உதவாது. இந்த வேலைக்கென்று தட்டைத் தலையும் சதுரக் கழுத்தும் உள்ள பிளவ் போல்ட் இருக்கிறது. கிரேடு 8 அல்லது மெட்ரிக் 10.9 வலுவில் வாங்குங்கள். நட்டும் அதே தரத்தில் இருக்கட்டும். பழைய நட்டு அசையவே இல்லையென்றால் துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே அடித்து ஊறவிடுங்கள். கிரைண்டரால் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பக்கத்திலிருக்கும் ஹைட்ராலிக் ஹோஸை மூடிவிட்டு வெட்டுங்கள்.

மாட்டும்போது பலரும் விடுகிற படி, பிளேடின் முகத்தைச் சுத்தம் செய்வது. துருச் செதிலும் உறைந்த மண்ணும் இடையில் இருந்தால், இறுக்கியபோது கெட்டியாக இருக்கும் பட்டை, வேலையில் அதிர அதிர அந்தத் தூள் உதிர்ந்து தளர்ந்துவிடும். கம்பி பிரஷ் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்துவிடுங்கள். எல்லா போல்ட்டையும் கையால் கோத்த பிறகு, நடுவிலிருந்து இரு ஓரமாக இறுக்கிக்கொண்டு போங்கள். பிறகு ஒவ்வொரு தலையிலும் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி, சதுரக் கழுத்து துளையில் உட்கார்ந்ததும் மறுபடி இறுக்குங்கள். அந்தத் தட்டுக்குப் பிறகு ஸ்பானர் இன்னும் கொஞ்சம் திரும்பும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது கருவியின் கையேட்டில் இருக்கும். அதைப் பார்த்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முடியுங்கள்.

போல்ட்டுக்குப் பதிலாக வெல்டிங் வைத்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. பெரும்பாலான ஸ்டீல் எட்ஜ்கள் கார்பன் அதிகமுள்ள, கெட்டியான இரும்பு. சாதாரணமாக வெல்டிங் செய்தால் ஓரத்தில் விரிசல் விடும், அடுத்த முறை மாற்றுவதும் பெரும்பாடு.

எந்த எட்ஜ் என்பது தரையைப் பொறுத்தது. இறுகிய பனிக்கட்டியைச் சுரண்ட ஸ்டீல்தான் சரி. செங்கல் பாவிய தரையிலும், சாக்கடைக் குழி மூடிகள் துருத்தி நிற்கும் இடத்திலும் ரப்பரோ பாலியூரித்தேனோ தரைக்கு நல்லது, ஆனால் அவை ஐஸை எடுக்காது. மிகக் கடினமான கார்பைடு பதித்த எட்ஜ் நெடுநாள் உழைக்கும், ஆனால் பலமான மோதலில் உடையும்.

புது எட்ஜ் மாட்டியதும் சறுக்குக் காலணிகளை மறுபடி சரிசெய்ய மறக்கிறார்கள். பட்டை இப்போது தேய்ந்த பழையதைவிடக் கீழே அதிகம் இறங்கி நிற்கும், அதனால் பழைய உயரம் செல்லாது. சரளைத் தரையில் இதை விட்டுவிட்டால் பனியோடு கல்லும் கிளம்பி வரும். முதல் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு நிறுத்தி, எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள். ஒன்றிரண்டு நிச்சயம் கொஞ்சம் திரும்பும். வாங்கும்போதே நாலைந்து போல்ட் நட்டு கூடுதலாக வாங்கி கேபினில் போட்டு வையுங்கள்.