பசுமை வளையத்தில் வீடுகள்: ஆட்சேபம் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் பெருநகரங்களைச் சுற்றி, புதிய கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு உள்ள பசுமை வளைய (கிரீன் பெல்ட்) நிலத்தில் வீடுகள் கட்ட விண்ணப்பம் வந்தால், பக்கத்துத் தெருவின் விளக்குக் கம்பத்தில் கவுன்சிலின் அறிவிப்பு தொங்கும். வழக்கமாக 21 நாள்களுக்குள் ஆட்சேபத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். லண்டனின் ஓரத்தில் வசிக்கும் நான், எங்கள் தெருவுக்குப் பின்னாலுள்ள வயலுக்காக அண்டை வீட்டாருடன் அப்படி எழுத உட்கார்ந்தபோது, முதலில் எழுதிய பக்கங்கள் எல்லாம் எங்களைப் பற்றியே இருந்தன. அந்த வயலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வீட்டு விலை சரியும், சன்னலைத் திறந்தால் தெரியும் காட்சி மறையும் என்பவை திட்டமிடல் சட்டத்தின் கண்ணில் எடையற்றவை. போக்குவரத்து நெரிசல், வெள்ள அபாயம், பக்கத்து வீட்டின் அந்தரங்கம் கெடுதல், பழைமையான கட்டடங்களுக்கு வரும் பாதிப்பு ஆகியவற்றுக்கு எடை உண்டு. புதிதாகக் குடிவரப் போகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஊகித்து எழுதுவது அநியாயம். அத்தகைய கடிதத்தைக் கவுன்சில் ஒதுக்கிவிடவும் கூடும்.

பசுமை வளையம் என்றால் இயற்கைப் பாதுகாப்பு என்று கருதுவது, நல்லெண்ணத்தோடு எழுதுபவர்களும் செய்யும் தவறு. 1955-இல் அரசின் சுற்றறிக்கை இதை நாடெங்கும் விரித்ததன் முதன்மையான நோக்கம் நகரங்கள் கட்டுப்பாடின்றிப் பரவுவதைத் தடுப்பது. இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு இந்த வளையத்துக்குள் இருக்கிறது. அதில் அழகான காடும் உண்டு, களை மண்டிய பழைய லாயமும் உண்டு. ஆகவே, பறவைகளைப் பற்றி மட்டுமே எழுதிய கடிதம், வளையம் எதற்காக இருக்கிறதோ அதைத் தொடாமலே முடிந்துவிடுகிறது.

2024 டிசம்பரில் தேசியத் திட்டமிடல் கொள்கை மாறிய பிறகு இந்தத் தவறின் விலை கூடிவிட்டது. வளையத்துக்குள்ளேயே, வீடு கட்ட அனுமதி எளிதாகக் கிடைக்கக்கூடிய ‘கிரே பெல்ட்’ என்றொரு வகை அப்போது வந்தது. முன்பே கட்டடம் இருந்த நிலமானாலும் மற்ற நிலமானாலும், வளையத்தின் மூன்று நோக்கங்களில் எதற்கும் வலுவாகப் பங்களிக்காதது அதில் அடங்கும்: பெருநகரம் பரவுவதைத் தடுத்தல், அண்டை நகரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காத்தல், வரலாற்றுச் சிறப்புள்ள நகரங்களின் சூழலைக் காத்தல். நாட்டுப்புறத்தை ஆக்கிரமிப்பிலிருந்து காப்பதும் வளையத்தின் நோக்கங்களில் ஒன்றுதான். ஆனால் கிரே பெல்ட் கணக்கில் அது சேராது. கிராமங்கள் இணைந்துவிடும் என்ற வாதமும் இங்கே நிற்காது, ஏனெனில் இரண்டாவது நோக்கம் நகரங்களைக் குறித்தது என்று அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. வெள்ள அபாயம், சிறப்பு அறிவியல் முக்கியத்துவம் பெற்ற தலம் போன்ற தனிப் பாதுகாப்பு இருந்து, அதுவே அனுமதி மறுக்க வலுவான காரணமாகுமானால் அந்த நிலம் கிரே பெல்ட் ஆகாது; இயற்கை பற்றிய வாதத்துக்கு உரிய இடம் அதுவே.

எனவே நாங்கள் வயலுக்குப் போனோம். ஒரு நகரின் கடைசித் தோட்ட வேலியிலிருந்து அடுத்த நகரின் முதல் வேலிக்கு ஒற்றையடிப் பாதையில் நடக்க ஏழு நிமிடம் ஆயிற்று. பாதையின் நடுவே, முள்வேலி வளையும் இடத்தில் நின்றால் இரு பக்கமும் கூரைகள் தெரிந்தன. அந்த இடத்தை வரைபடத்தில் குறித்து, இரு திசையிலும் எடுத்த படங்களோடு, இவ்விரு நகரங்களையும் பிரித்து வைத்திருப்பது இந்த ஒரு வயல்தான் என்று எழுதினோம். நான் படித்த எங்கள் கடிதங்களில் உருப்படியானது அதுதான்.

ஒரே கடிதத்தை நூறு பேர் நகலெடுத்து அனுப்புவதால் வாதம் நூறு மடங்காவதில்லை. வீடுகளே வேண்டாம் என்று எழுதுவதும் வீண். ஐந்து ஆண்டுகளுக்குத் தேவையான வீட்டு நிலத்தைக் காட்ட முடியாத கவுன்சிலின் கை ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும். வாடகை கொடுக்கத் தவிக்கும் குடும்பங்கள் நம் தெருக்களிலும் இருக்கின்றன. ஊருக்குள் பயனற்றுக் கிடக்கும் நிலத்தைப் பெயர் சொல்லிக் காட்டுவதே பொறுப்பான எதிர்ப்பு.

விண்ணப்பம் வரும்வரை காத்திருப்பதும் தவறு. எங்கே எதைக் கட்டலாம் என்று கவுன்சில் வகுக்கும் உள்ளூர்த் திட்டம் வரைவாக இருக்கும்போதே எந்த நிலத்தை வளையத்திலிருந்து விடுவிப்பது என்பது பேசப்படுகிறது. அப்போது வாய் திறக்காதவர்களுக்குப் பின்னால் மிஞ்சுவது குறைவு. அனுமதி வழங்கப்பட்டுவிட்டால் குடியிருப்பாளர்களுக்கு மேல்முறையீட்டு உரிமை கிடையாது. சட்டப்படி முடிவெடுக்கப்படவில்லை என்று ஆறு வாரங்களுக்குள் நீதிமன்றத்தை நாடலாம், அதற்குச் செலவு அதிகம்.

அனுமதி மறுக்கப்பட்டதும் கடிதங்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கட்டுமான நிறுவனம் ஆறு மாதங்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். செய்தால் முன்பு எழுதியவை எல்லாம் அரசின் திட்டமிடல் ஆய்வாளரிடம் போகும். அவர் நிலத்தைப் பார்க்க வரும்போது யாரும் அவரிடம் வாதாடக் கூடாது. எங்கள் வயலுக்கு ஆய்வாளர் வந்த காலையில் நாங்கள் பேசாமல் தள்ளி நின்றோம். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முள்வேலி வளையும் அந்த இடம்வரை நடந்துபோய், அவர் இரு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.