செத்தது சர்வர் இல்லை, நெட்வொர்க் கார்டு

லினக்ஸ் சர்வர் ஒன்று ரெண்டு நாளைக்கு ஒரு தடவை செத்துப் போய்க்கொண்டிருந்தது. பிங் அனுப்பினால் பதில் இல்லை, எஸ்எஸ்ஹெச் வழியாகத் தூரத்திலிருந்து உள்ளே நுழையவும் முடியவில்லை, பவரை அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து வரும். நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் லாகில் ஒரு பிழையும் கிடையாது. ராமைச் சந்தேகப்பட்டு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் என்ற மெமரி சோதனையை ஓட விட்டேன், சுத்தம். பவர் சப்ளையை மாற்றினேன், லினக்ஸின் மையமான கெர்னலைப் புதுப்பித்தேன், ரெண்டும் வீண்.

அடுத்த முறை விழுந்தபோது அணைக்காமல் நேராகப் போய்க் கீபோர்டைச் செருகி கேப்ஸ் லாக்கைத் தட்டினேன். தட்டத் தட்ட விளக்கு எரிந்து அணைந்தது! கெர்னலே தொங்கியிருந்தால் அது அசையாது. மானிட்டரை மாட்டினால் 'டிரான்ஸ்மிட் க்யூ 0 டைம்டு அவுட்' என்று வரிசையாக ஓடுகிறது, அதாவது நெட்வொர்க் கார்டின் அனுப்பும் வரிசை நகராமல் நின்றுவிட்டது. நாங்கள் ஒவ்வொரு தடவையும் பவரைப் பிடுங்கியதில் கடைசி வரிகள் டிஸ்க்குக்குப் போய்ச் சேரவே இல்லை போலிருக்கிறது, லாகில் தேடி என்ன பயன்.

விழுந்த நேரங்களைப் பார்த்தால் எல்லாமே பெரிய பேக்கப் வெளியே போகும் நேரம். பெரிய டேட்டாவை 1500 பைட் பாக்கெட்டுகளாக வெட்டும் வேலையை கெர்னல் நெட்வொர்க் கார்டிடம் தள்ளிவிடும், டிஎஸ்ஓ என்பார்கள். சில கார்டுகள் அதில் சிக்கிக்கொள்ளும். கார்டின் அமைப்பை மாற்றும் 'எத்டூல்' கட்டளையில் -K (பெரிய கே) கொடுத்து டிஎஸ்ஓவை அணைத்தேன், சிபியு சுமை கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். ஆனால் ரீபூட் ஆனால் இந்த அமைப்பு போய்விடும், அது தெரியாமல் இன்னொரு முறையும் விழுந்தது. அப்புறம் நெட்வொர்க் அமைப்புக் கோப்பிலேயே எழுதி வைத்தேன். மூன்று வாரமாக விழவில்லை, அப்பாடா.