தபாலில் வராத பின் எண்

என் வலைத்தளத்தில் தமிழில் குட்டிக் கட்டுரைகள் எழுதி, கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரம் போட்டிருந்தேன். தளத்தில் விளம்பரம் காட்டினால் கூகுள் பணம் தரும் திட்டம் அது. 2018இல்தான் அது தமிழுக்கு வந்தது. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கப் பின் (PIN) என்ற ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியின் தபால் பெட்டிகளுக்குப் பூட்டே கிடையாது, கதவும் பாதி தொங்கும். கடிதம் யார் கைக்குப் போனதோ! நான்கு மாதத்துக்குள் எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும்.

சரி என்று, கணக்கில் முகவரியைப் பிரிக்பீல்ட்ஸ் மாமா கடைக்கு மாற்றினேன். கடை எண், ஜாலான் (சாலை) பெயர், அஞ்சல் குறியீடு 50470 என்று வரி வரியாகப் போட்டுப் புதுப் பின் கேட்டேன். கடை என்றால் தபால்காரர் கையிலேயே கொடுப்பார். வந்தது. மாமாதான் ஏதோ பில் என்று கல்லாவுக்கு அடியில் செருகி வைத்திருந்தார். ஓரம் கிழித்துத் திறக்கும் சின்னத் தாள், உள்ளே 6 இலக்கம். பதிந்தாயிற்று. இனி 100 டாலர் சேர்ந்தால் பணம் வங்கிக்கு வரும். பசியாறல் கடைகளைப் பற்றி எழுதியவைதான் நன்றாக ஓடுகின்றன.